ஏட்டம்மாவின் இடது கால்

குற்றாலம் பேரருவியில் சீசனுக்குக் குளிக்க வந்த பெண்களில் முப்பிடாதியிடம் ஏச்சு வாங்காதவர்கள் குறைவு. பெண்கள் பக்கத்துக் காவல், போலீஸ் ஏட்டான அவள் பொறுப்பு. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் வாயில் விசிலை வைத்துக்கொண்டு கம்பித் தடுப்புக்கு உள்ளே போய் நின்றுவிடுவாள். "ஷாம்பு பாக்கெட்ட உள்ள கொண்டு போகாதிய." "தலைய நனைச்சது போதும், பின்னால நிக்கவளும் உங்கள மாதிரி பஸ் ஏறித்தான் வந்திருக்கா." "ஏட்டி, கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு அங்கன போகாத, கல்லு வழுக்கும்." மதுரையிலிருந்து காரில் வந்த வக்கீலம்மாவுக்கும் அதே ஏச்சு, லோடு ஆட்டோவில் நெருக்கியடித்து வந்து இறங்கிய கூட்டத்துக்கும் அதே ஏச்சு. அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல் இந்த மாவட்டத்தில் ஒன்றே ஒன்றுதான், அது ஏட்டம்மா குரல் என்று ஆண்கள் பக்கம் நிற்கும் கான்ஸ்டபிள் ஸ்டான்லி சொல்லுவான்.

அந்தக் குரல் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய இடது கால் யாருக்கும் தெரியாது.

தண்ணீரில் நிற்கிற வேலை என்பதால் மற்றப் பெண் போலீசார் பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொள்வார்கள். முப்பிடாதி மடிக்க மாட்டாள். ஈரத்துணி காலோடு ஒட்டிக் கிடக்க, நாள் முழுக்க அப்படியே நிற்பாள். கேட்டால், "எனக்கு இதுதான் சௌகரியம்" என்று வாயை அடைத்துவிடுவாள். உள்ளே கெண்டைச்சதையில் நரம்பு நீலமும் பச்சையுமாகச் சுருண்டு, விரல் பருமனுக்குப் புடைத்துக் கிடந்தது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, வெங்காயச் சருகு போல மெலிந்து, பொழுது சாய்ந்தால் அரித்துப் பிடுங்கும். அந்தக் கறுப்புக்கு நடுவில் சின்னதாக ஒரு நீலக் கொப்புளம். ஊரில் இதற்கு நரம்புச் சுருட்டு என்று பெயர். பரோட்டா மாஸ்டர், பஸ் கண்டக்டர், ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற பெண்கள், போலீஸ்காரர்கள் என்று நின்றே சம்பாதிக்கிறவர்களைத் தேடி வருகிற வியாதி.

மேலதிகாரி காதில் விழுந்தால் ஸ்டேஷனில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார். வேறு யாராவது என்றால் கோயிலுக்குத் தேங்காய் உடைத்திருப்பார்கள். முப்பிடாதிக்கு உட்கார்ந்த இடத்தில் வேலை என்றாலே குலை நடுங்கும். அதற்குக் காரணம் அவளுடைய அப்பா.

அவள் பிறந்தது புளியங்குடி. அப்பா சுடலையாண்டி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். வெளியூர் லாரிகளுக்கு லோடு ஏற்றும்போது அவர் இருந்தால் கமிஷன் கடைக்காரர்கள் நிம்மதியாக டீ குடிக்கப் போவார்கள். ஓர் ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. தெருவில் ஊசி போடுகிற ஒருத்தரிடம் போய் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டார். ஊசி இறங்கியதும் கால் வெட்டி இழுத்தது. மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. கூடவே வலது பாதமும் விட்டுவிட்டது. கால் இருக்கிறது, முழங்கால் மடங்குகிறது, பாதம் மட்டும் தொங்குகிறது. ஊசி நரம்பில் பட்டுவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செருப்பு காலில் நிற்கவில்லை. சணல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார். மூட்டை தூக்கின மனிதர் பெண்களோடு சாக்கை விரித்து உட்கார்ந்து பழம் பொறுக்கினார். அவருக்கு அது பெரிய அவமானம். யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் மார்க்கெட்டுக்குப் போகும்போது பிரதான வாசலை விட்டுவிட்டுச் சந்து வழியாகப் போக ஆரம்பித்தார்.

காலையில் எழுந்ததும் பாயிலேயே காலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு பெருவிரலை அசைக்கப் பார்ப்பார். பார்க்கிற வேலை முப்பிடாதிக்கு. அப்போது அவள் பாவாடைச் சிறுமி.

"அசையுதாட்டி?"

"லேசா அசையுதுப்பா."

அது கடுகளவும் அசைந்ததில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு பதில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவள் பெரியவளாகி, ஓட்டத்திலும் நீளத் தாண்டுதலிலும் ஜெயித்து, போலீஸ் வேலைக்குத் தேர்வாகிற வரைக்கும் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் ஓயவில்லை. நல்ல இரண்டு கால்களை நம்பித்தான் அந்த வீடு எழுந்து நின்றது. நரம்பு என்ற சொல்லுக்கு முப்பிடாதியிடம் ஒரே அர்த்தம்தான் இருந்தது. அதில் கை வைத்தால் கால் செத்துப்போகும்.

இந்தச் சீசன் தொடங்குவதற்கு முன்னால் அவள் கணவன் குற்றாலீஸ்வரன்தான் அவளை வம்படியாகத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அவன் மின்வாரியத்தில் லைன்மேன். பெயரில் குற்றாலத்தை வைத்துக்கொண்டு, சளி பிடிக்கும் என்று அருவிப் பக்கமே எட்டிப் பார்க்காதவன். ஸ்கேன் கருவியைத் தொடையிலிருந்து கணுக்கால்வரை உருட்டிப் பார்த்த டாக்டர் வித்யாலட்சுமி சின்ன வயசுக்காரி. சிரித்த முகம், வேகமான பேச்சு.

"வால்வு கெட்டுப்போச்சும்மா. மேல போக வேண்டிய ரத்தம் கீழயே தங்குது. இதை இப்படியே விட்டீங்கன்னா புண்ணாகும், இல்ல உடையும். பயப்பட ஒண்ணும் இல்ல. கெட்டுப்போன நரம்புக்குள்ள மெல்லிசா ஒரு ஒயர் விட்டு லேசர் சூட்டுல எரிச்சு மூடிருவோம். கத்தி இல்ல, தையல் இல்ல. அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போயிடலாம்."

டாக்டர் சொன்னதில் இரண்டு சொற்கள்தான் முப்பிடாதி காதில் விழுந்தன. நரம்பு. எரிச்சு. ஊசி முனை பட்டதற்கே அப்பா கால் அப்படிப் போனது. இவர்கள் உள்ளே நெருப்பையே வைக்கிறேன் என்கிறார்கள். அவள் மேசையிலிருந்து இறங்கினாள், பேண்டை இழுத்துவிட்டாள், "யோசிச்சுச் சொல்லுதேன் மேடம்" என்றாள், நடையைக் கட்டினாள். திருடனை விரட்டும்போதுகூட அவள் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

நர்ஸ் நிலோபர் மாடிப்படிவரை துரத்திக்கொண்டு வந்தாள். "யக்கா, நில்லுங்க. இதையாவது கேட்டுட்டுப் போங்க. அந்தக் கொப்புளம் என்னைக்காவது ஒடைஞ்சா வலிக்காது, கேட்டியளா. வலிக்காததுதான் ஆபத்து. உடனே படுத்து காலத் தூக்கிருங்க. அந்த எடத்த அமுக்கிப் புடிங்க. மேல கயிறு கட்டிராதிய, கட்டுனா இன்னும் கொட்டும்."

"சரிம்மா, சரி" என்று கையைக் காட்டிவிட்டு முப்பிடாதி படியிறங்கிவிட்டாள்.

பைக்கில் போகும்போது குற்றாலீஸ்வரன் தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிப் பார்த்தான். "ஏட்டி, லைன் அறுந்து கெடக்கு, அதுல கரண்ட் போனா ஆளக் கொல்லும். அத ஆஃப் பண்ணிட்டு பக்கத்து லைன்ல விடுதோம்லா. அதான் இது."

"நீரு லைன ஆஃப் பண்ணுனா அந்தத் தெருவுல லைட்டு எரியுமாவே?"

எரியாதுதான்.

போலீஸ் குடியிருப்பில் அவர்களோடுதான் அப்பாவும் இருந்தார். விஷயம் காதில் விழுந்ததும் அவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"எந்தக் காலு?"

"எடது. சும்மா வீக்கந்தாம்பா."

அவர் வெகுநேரம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத வேணும்னாலும் செய்யட்டும். நரம்புல மட்டும் கை வைக்க விடாதட்டி" என்றார். அதோடு முடிந்தது. சீசன் முடியட்டும் என்று முப்பிடாதி கணவனிடம் சொன்னாள். சீசன் முடிந்தால் சபரிமலைக் கூட்டம், அது முடிந்தால் பொங்கல் என்று அவள் மனசுக்குள் ஏற்கெனவே அடுக்கி வைத்துவிட்டாள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பேரருவியில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். மலையில் முந்தின நாள் மழை. தண்ணீர், அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவைத் தொட்டும் தொடாமலும் விழுந்துகொண்டிருந்தது. வளைவைத் தாண்டிவிட்டால் குளிக்கத் தடை போட வேண்டும். முப்பிடாதிக்குக் காலையிலிருந்தே ஒரு கண் வளைவில், ஒரு கண் கூட்டத்தில். பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ரப்பர் செருப்போடு, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாள். இடது கால் கனத்தது. கனக்காத நாள் எது என்று விட்டுவிட்டாள்.

யாரோ ஒரு குழந்தை பிளாஸ்டிக் வாளியை இழுத்துக்கொண்டு ஓடியது. வாளியின் விளிம்பு அவள் காலில் உரசியது. "பைய போ" என்று அதட்டிவிட்டு வளைவைப் பார்த்தாள். தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வருகிற மாதிரி இருந்தது. கலங்கல் வந்தால் பின்னாலேயே கட்டையும் கல்லும் வரும். கம்பிக்கு அந்தப் பக்கம் ஸ்டான்லியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கீழே நின்ற ஒரு பெண் கத்தினாள். "யம்மா, தண்ணி செவப்பால்லா போவுது."

முப்பிடாதி குனிந்து பார்த்தாள். பாறைமேல் ஓடுகிற தண்ணீரில் சிவப்பு ஒரு நூலாக இறங்கி, கீழே போய் விரிந்து கரைந்தது. ஒரு கணம் சும்மா இருந்து மறுபடியும் நூல். ரத்தம். மேலேயிருந்து கல் விழுந்திருக்கிறது, யார் தலையிலோ பட்டிருக்கிறது. தலையில் அடிபட்டவள் இந்த நெரிசலில் கீழே விழுந்தால் மிதித்தே கொன்றுவிடுவார்கள்.

விசில் வீறிட்டது. "எல்லாரும் வெளிய வாங்க. தள்ளாதிய. பைய வாங்க. ஏலே ஸ்டான்லி, அந்தப் பக்கமும் நிப்பாட்டு, இங்கன யாருக்கோ அடிபட்டிருக்கு."

பெண்கள் அலறிக்கொண்டு நகர்ந்தார்கள். முப்பிடாதி கூட்டத்துக்குள் புகுந்தாள். ஒவ்வொருத்தியின் தலைமுடியையும் விலக்கிப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிப் பார்த்தாள், பிள்ளைகளின் கைகால்களைத் தடவிப் பார்த்தாள். "யாருக்கு அடிபட்டுச்சு? சொல்லுங்க, வெக்கப்படாதிய." ஒருத்தி மேலும் கீறல்கூட இல்லை. அருவிக்கு நேர் கீழே போய்ப் பார்த்தாள். அங்கே யாரும் விழுந்து கிடக்கவில்லை. திரும்பி வந்தாள். இப்போது சிவப்பு முன்னைவிட அதிகம். எங்கே போய்ப் பார்த்தாலும் ரத்தம் அவளுக்கு முன்னாலேயே அங்கே இருந்தது. அடிபட்டவள் தன்னைவிட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போகிறாளோ என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. போலீஸ் புத்தி, வேறென்ன. ரத்தத்தைப் பார்த்தால் அடிபட்டவரைத் தேடச் சொல்லும். தன்னைத் தேடிப் பார்க்கச் சொல்லாது.

காதில் அருவிச் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. தண்ணீர் குறைகிறதா என்று நிமிர்ந்தாள். தண்ணீர் குறையவில்லை. வளைவும் அதன்மேல் விழுகிற வெள்ளையும் பக்கவாட்டில் சாய்ந்தன.

அவள் கையை யாரோ பிடித்தார்கள். வடகரையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த முஹ்ஸினா என்ற பெண். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், அதிக நேரம் குளிக்கிறாள் என்று முப்பிடாதியிடம் நன்றாக ஏச்சு வாங்கியிருந்தாள்.

"யக்கா, நீங்க போற எடத்துலதான் ரத்தம் போவுது" என்றாள். "ஒங்க காலப் பாருங்க."

முப்பிடாதி பார்த்தாள். நனைந்து கறுத்த காக்கித் துணியில் ஒன்றும் தெரியவில்லை. துணியின் விளிம்பிலிருந்து, ரப்பர் செருப்பின் மேல், குழாயைச் சரியாக மூடாதது போல் ஒழுகிக்கொண்டிருந்தது. வலி இல்லை. கொஞ்சம்கூட இல்லை. கொஞ்ச நேரமாகக் கால் கதகதப்பாக இருந்தது நினைவு வந்தது. குளிர்ந்த தண்ணீரில் நிற்கிறவளுக்கு அது சுகமாகக்கூட இருந்தது.

அவள் சரிந்தாள். முஹ்ஸினாவும் இன்னொருத்தியும் தாங்கிப் படிக்கட்டில் உட்கார வைத்தார்கள். ஸ்டான்லி கம்பியைத் தாண்டிக் குதித்து வந்தான். பையன் முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. பேண்டைக் கிழித்தான். கொப்புளம் இருந்த இடத்திலிருந்து ரத்தம் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அவன் யாரிடமோ ஒரு துண்டைப் பிடுங்கி, முழங்காலுக்குக் கீழே போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். இறுக்க இறுக்க ரத்தம் கூடியது.

முப்பிடாதிக்குக் கண் மங்கியது. எல்லாரும் பேசுகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. அந்த மங்கலுக்குள் மாடிப்படியில் நின்று ஒருத்தி கத்தினாள். மேல கயிறு கட்டிராதிய.

"கட்டாதலே" என்றாள் முப்பிடாதி.

"யக்கா, ரத்தம் நிக்கல யக்கா."

"அவுருலே. என்னப் படுக்கப் போடு. காலத் தூக்கு."

அவனுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அது ஏட்டம்மா குரல். அவிழ்த்துவிட்டான். இத்தனை வருஷம் பெண்களை அதட்டி நிறுத்திய அதே ஈரத் தரையில், அத்தனை பெண்களுக்கும் நடுவில், அவள் மல்லாந்து படுத்தாள். முஹ்ஸினா எதிரில் மண்டியிட்டு அந்த இடது காலைத் தூக்கித் தன் தோள்மேல் வைத்துக்கொண்டாள். முக்காட்டுத் துணியைச் சுருட்டி, கொப்புளம் வெடித்த இடத்தில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினாள். சுருண்டு புடைத்த நீலமும், கறுத்த தோலும், எத்தனையோ வருஷமாக வேலையிடத்தில் ஒருத்தருக்கும் காட்டாத கால் முழுவதும் ஊரறிய மேலே நின்றது. முப்பிடாதிக்குச் சாவைவிட அதுதான் அப்போது பெரிதாகத் தெரிந்தது. அழுதாள்.

"அழாதிய யக்கா" என்றாள் முஹ்ஸினா. "ரத்தம் நின்னுட்டு. கைய எடுக்க மாட்டேன், ஆனா நின்னுட்டு."

ஆம்புலன்ஸில் ஏற்றுகிறவரை அவள் கையை எடுக்கவும் இல்லை.

தென்காசி ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், கட்டுப் போட்டார்கள். வித்யாலட்சுமி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். சிரித்த முகம் இப்போது சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் நின்னுருந்தீங்கன்னா நான் உங்களைப் பார்த்திருக்க மாட்டேன். அன்னைக்கு ஏம்மா எந்திரிச்சுப் போனீங்க? லேசர் அவ்வளவு பயமா?"

போலீஸ்காரி பயப்படலாமா என்று வெட்கப்பட்டுக்கொண்டிருக்க முப்பிடாதியிடம் தெம்பு இல்லை. அப்பாவின் ஊசியைச் சொன்னாள், தொங்கின பாதத்தைச் சொன்னாள். "நீங்க நரம்ப எரிப்பேன்னு சொன்னிய. நரம்பு போனா என்ன ஆவும்னு நான் வீட்டுலயே பாத்து வளந்தவ மேடம்."

டாக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"என் வாயில வந்த வினை" என்றாள். "உங்க அப்பாவுக்குப் போனது நரம்பு. காலை அசைக்கச் சொல்லி மூளையிலருந்து சேதி கொண்டு வர்றது. உங்க கால்ல சுருண்டு கெடக்குறது ரத்தக்குழாய். ரெண்டும் வேற வேற. ஜனங்க ரெண்டையும் நரம்புன்னுதான் சொல்றாங்க, நாங்களும் புரியட்டும்னு அதையே சொல்லிப் பழகிட்டோம்."

முப்பிடாதி அவள் முகத்தையே பார்த்தாள். விசாரணையில் எத்தனையோ முகங்களைப் பார்த்தவள். "அப்ப நரம்புக்கு ஒண்ணுமே ஆவாதா?"

டாக்டர் உடனே தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. "கீழ, அந்தக் குழாய்க்குப் பக்கத்துலயே தோலுக்கு உணர்ச்சி குடுக்குற ஒரு சின்ன நரம்பு போகுது. அதுல சூடு படாம இருக்கத்தான் சுத்திலும் குளிர்ந்த மருந்துத் தண்ணி ஏத்துவோம். அப்படியும் சில பேருக்கு ஒரு இடம் கொஞ்ச நாள் மரத்திருக்கும். பாதத்தைத் தூக்குற நரம்பு தள்ளி வேற எடத்துல இருக்கு."

ஒன்றும் ஆகாது என்று அவள் சொல்லியிருந்தால் முப்பிடாதி நம்பியிருக்க மாட்டாள். சங்கடமான பதிலைச் சொன்னதால்தான் அவளுக்குப் பாதி நம்பிக்கை வந்தது. மீதிப் பாதி வரவே இல்லை. ஆனாலும் அருவித் தரையில் படுத்துப் பார்த்தாகிவிட்டது. இன்னொரு தடவை உடைந்தால் பக்கத்தில் ஒரு முஹ்ஸினா இருக்க வேண்டுமே.

"நான் விரல அசைச்சுக்கிட்டே இருப்பேன். அசையுதான்னு யாராவது எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்றாள்.

"நான் சொல்லுதேன் யக்கா" என்றாள் நிலோபர்.

காயம் ஆறியதும் லேசருக்கு நாள் குறித்தார்கள். குற்றாலீஸ்வரன் லீவு போட்டுவிட்டு வந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்கு முன்னாலேயே போட்டுவிட்டு, பிறகு வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டான். அப்பா வராண்டா பெஞ்சில் சணல் கட்டின செருப்போடு உட்கார்ந்துவிட்டார்.

முப்பிடாதிக்கு மயக்கம் கொடுக்கவில்லை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். இடுப்புக்குக் கீழே பச்சைத் துணி மறைத்தது. பாதம் மட்டும் வெளியே, நிலோபரின் பக்கத்தில். முழங்காலுக்குக் கீழே ஊசி. அதன் வழியாக ஒயர் ஏறுவதைத் திரையில் பார்க்கலாம் என்றார்கள். அவள் பார்க்க மாட்டேன் என்றாள். பிறகு குளிர்ந்த மருந்து. தொடையிலிருந்து கீழே வரிசையாக ஊசி இறங்க இறங்கக் கால் ஐஸ் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது தன்னுடைய கால் இல்லை என்று ஆகிவிட்டது.

"ஆரம்பிக்கிறேன்" என்றாள் டாக்டர்.

கருவி பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது. நாக்கில் ஏதோ கருகின ருசி தட்டியது. முப்பிடாதி பல்லைக் கடித்துக்கொண்டு பெருவிரலை அசைத்தாள். அசைத்ததாக நினைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

"அசையுதா?"

"அசையுது யக்கா."

பீப், பீப்.

"இப்ப?"

"நல்லா அசையுது."

அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. நிலோபரின் குரல் அவளுக்குத் தெரிந்த குரல். பாசமான, இதமான, கொஞ்சம் அவசரமான குரல். பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு மனிதருக்குக் காலைதோறும் அதே குரலில், அதே பதிலை ஒரு சிறுமி சொல்லியிருக்கிறாள். எதிரில் பயந்து கிடக்கிற முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும். முப்பிடாதிக்குத் தெரியாதா. அப்பா அந்தப் பதிலை நம்பினாரா என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள்.

"எனக்குத் தெரியலயே நிலோபர். ஒண்ணுமே தெரியலயே."

"மருந்து மரப்பும்மா" என்றாள் டாக்டர். கை நிற்கவில்லை. "கொஞ்ச நேரத்துல இறங்கிரும். முக்கால்வாசி முடிஞ்சுது."

இதையும்தான் சொல்லுவார்கள். அப்பாவிடமும் சொல்லியிருப்பார்கள். முப்பிடாதி கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள். பீப் சத்தம் கீழே கீழே இறங்கி வந்து நின்றது. அந்த அமைதிதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

காலில் இறுக்கமான நீளக் காலுறையை மாட்டினார்கள். விரல்கள் மட்டும் வெளியே தெரிகிற மாதிரியான உறை. "இறங்கி நடங்க" என்றாள் டாக்டர். "இன்னைக்கு உங்களுக்கு மருந்தே நடைதான். படுக்கவே கூடாது."

இடது பாதத்தைத் தரையில் வைத்தாள். தரை குளிர்ந்து இருக்கிறதா என்று தெரியவில்லை. எடை கொடுத்தாள். கால் தாங்கியது. ஆனால் அப்பாவின் காலும் தாங்கத்தான் செய்தது. பாதம் தொங்குகிறதா, தரையில் இழுபடுகிறதா என்று குனிந்து பார்க்கத் துணிவு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு, கதவைத் தாண்டி வராண்டாவுக்கு வந்தாள்.

சுடலையாண்டி பெஞ்சிலிருந்து எழுந்தார். மகள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவள் வருகிற காலையே பார்த்தார். அருகில் வந்ததும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார், அவளுடைய பாதத்துக்கு நேராக. நல்ல காலை மடக்கி, செத்த காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டார்.

முப்பிடாதி சுவரில் சாய்ந்து நின்றாள். விட்டத்தைப் பார்த்தபடி, பலத்தையெல்லாம் திரட்டி அசைத்தாள்.

"அசையுதாப்பா?"

அவர் உறைக்கு வெளியே தெரிந்த பெருவிரலின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"அசையுதுட்டி" என்றார். பிறகு, தலையை நிமிர்த்தாமலே, "நான் நெசமாத்தான் சொல்லுதேன்" என்றார்.